காற்று கன்னத்தில் அடித்தால் கால் சரியில்லை: டைகர் மாத் பைத்தியம்

வணக்கம் மக்களே. செட்டிநாடு பழைய விமான ஓடுதளத்துக்குப் பக்கத்தில், சாலையோரமாக நின்று பேசுகிறேன். காற்று பலமாக இருக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு என்று தமிழ்நாட்டில் பல இடங்களில் ஓடுதளம் போட்டார்கள். இதுவும் அந்தக் காலத்துச் சரக்குதான். கானாடுகாத்தான் அரண்மனை பார்க்க வருகிறவர்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

போன வீடியோவில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ரஃபேல், சுகோய் எல்லாம் இருக்கும்போது, துணி போர்த்திய பைபிளேனை ஏன் அண்ணே இப்படிக் கொண்டாடுறீங்க?" நியாயமான கேள்வி. பைபிளேன் என்றால் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு இறக்கை வைத்த விமானம். அதற்குத்தான் இன்றைய வீடியோ.

டைகர் மாத் என்ற பைபிளேனையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் டி ஹாவிலண்ட் கம்பெனி செய்தது. 1931 அக்டோபரில் முதன்முதலாகப் பறந்தது. மொத்தம் 8,000-க்கும் மேல் செய்தார்கள். 130 குதிரைத்திறன் எஞ்சின், முழு மூச்சாக விரட்டினாலும் மணிக்கு 175 கிலோமீட்டர். பிரேக் கிடையாது. வாலுக்கு அடியில் சக்கரம் கிடையாது, தரையில் உரசிக்கொண்டு போகிற ஒரு சறுக்குக் கட்டைதான். அதனால் கான்கிரீட்டை விடப் புல்தரைதான் அதற்குத் தோது. பெட்ரோல் டேங்க் மேல் இறக்கையின் நடுவில், விமானியின் தலைக்கு மேலே இருக்கிறது. பெட்ரோல் பம்ப் எதுவும் இல்லை, எஞ்சினுக்குத் தானாகவே இறங்கி வரும்.

இதை முக்கியமாகப் பயிற்சிக்குத்தான் வாங்கினார்கள். என் பிரியத்துக்குக் காரணமே அதுதான். போர் விமானம் விமானியின் திறமையைக் காட்டும். பயிற்சி விமானம் அவனுடைய தப்பைக் காட்டும். டைகர் மாத்தைப் பற்றி விமானிகள் ரொம்ப நாளாகச் சொல்கிற ஒன்று உண்டு: ஓட்டுவது சுலபம், நன்றாக ஓட்டுவது கஷ்டம். இறக்கையைச் சாய்க்கிற ஐலரான் கீழ் இறக்கையில் மட்டும்தான் இருக்கிறது. கையில் பிடிக்கிற ஸ்டிக்கை மட்டும் சாய்த்துவிட்டுக் காலை சும்மா வைத்திருந்தால் மூக்கு ஒரு பக்கம் போகும், உடம்பு ஒரு பக்கம் சறுக்கும். வாலில் இருக்கிற ரடரைத் திருப்பும் பெடலைக் காலால் சரியான அளவுக்கு அழுத்த வேண்டும்.

சரி, சறுக்குகிறது என்று எப்படித் தெரியும்? கருவியைப் பார்க்கவே வேண்டாம். இருக்கை திறந்தவெளி. நேராகப் பறந்தால் காற்று முன்னால் இருந்து வரும். சறுக்கினால் ஒரு பக்கத்துக் கன்னத்தில் அடிக்கும். எந்தக் கன்னம் என்பதை வைத்தே எந்தக் காலை அழுத்த வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். இரண்டு இறக்கைகளையும் இழுத்துக் கட்டியிருக்கிற கம்பிகளின் சத்தம் மாறும்போதே வேகம் கூடுகிறதா குறைகிறதா என்று புரிந்துவிடும். எத்தனை லட்சம் ரூபாய்க்கு சிமுலேட்டர் வாங்கினாலும் இந்தக் கன்னத்துக் காற்று கிடைக்காது.

இன்னொரு வேடிக்கை. ஆசிரியர் முன்னால், மாணவன் பின்னால். முன் இருக்கை எடை மையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அதில் ஆள் இல்லாவிட்டாலும் சமநிலை அதிகம் கெடாது. அதனால் தனியாகப் பறக்கும்போதும் பின்னால்தான் உட்கார வேண்டும். இருவரும் பேசிக்கொள்ள ரேடியோ இல்லை, ஒரு ரப்பர் குழாய்தான். அதற்கு கோஸ்போர்ட் குழாய் என்று பெயர், முதல் உலகப் போரில் வந்தது. எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே வாத்தியார் அதில் கத்துவதைக் கேட்டுத்தான் ஒரு தலைமுறையே பறக்கக் கற்றுக்கொண்டது. ஆபத்து வந்தால் முன்னால் இருக்கிறவர் பாராசூட்டோடு வெளியே ஏற இடம் வேண்டும் என்று மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னே தள்ளினார்கள். அதில் சமநிலை கெட்டதால் இறக்கைகளைப் பின்பக்கமாகச் சாய்த்தார்கள். படத்தில் பார்க்கும்போது அவ்வளவு ஸ்டைலாகத் தெரிகிற அந்தச் சாய்வு, இப்படி வந்ததுதான்.

அமெரிக்கக்காரர்களிடம் கேட்டால் அவர்களுடைய பயிற்சி பைபிளேனான போயிங் ஸ்டியர்மன்தான் ராஜா என்பார்கள். அவர்களுக்கு இல்லினாய் மாநிலத்தில் கேல்ஸ்பர்க் என்ற ஊரில் வருடாவருடம் ஒரு திருவிழாவே நடக்கிறது. 220 குதிரைத்திறன், தடித்த உடம்பு, அடி தாங்கும். போர் முடிந்ததும் மலிவாக வாங்கி வயலுக்கு மருந்து தெளிக்க விட்டார்கள். நியூசிலாந்தில் டைகர் மாத்தை வைத்து மேய்ச்சல் நிலத்துக்கு உரம் தூவினார்கள். அப்படி வேலை கிடைத்ததால்தான் பல விமானங்கள் பிழைத்தன. எனக்கென்னவோ டைகர் மாத்தின் ஒல்லிதான் பிடிக்கிறது. ஸ்டியர்மன் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம்.

நம் நாட்டுக்கு வருவோம். போர்க் காலத்தில் பேகம்பேட்டையிலும் ஜோத்பூரிலும் ஆரம்பப் பயிற்சிப் பள்ளிகள் இருந்தன, அங்கே டைகர் மாத்தில்தான் பாடம். அப்புறம் பெங்களூரின் எச்ஏஎல் விமான நிறுவனம் உள்நாட்டிலேயே வடிவமைத்த எச்டி-2 என்ற பயிற்சி விமானம் 1951-இல் பறந்து, பிற்பாடு அந்த இடத்தைப் பிடித்தது. விமானப்படை ஒரு பழைய டைகர் மாத்தைச் சீர்செய்து, 2012 விமானப்படை நாளில் டெல்லிக்குப் பக்கத்து ஹிண்டன் தளத்தில் பறக்க விட்டது.

காரைக்குடிக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. வள்ளல் அழகப்பரைக் கல்லூரி கட்டியவராகத்தான் நமக்குத் தெரியும். அவர் லண்டனில் சட்டம் படிக்கப் போனவர், கிராய்டனில் விமானம் ஓட்டக் கற்றுச் சான்றிதழும் வாங்கினார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஃப்ளையிங் கிளப்புகளில் எங்கே பார்த்தாலும் டி ஹாவிலண்டின் மாத் குடும்பத்து பைபிளேன்கள்தான். பின்னாளில் ஜூபிடர் ஏர்வேஸ் என்று விமானக் கம்பெனியே நடத்தினார், டகோட்டா என்ற இரட்டை எஞ்சின் விமானங்களை வைத்து. அதைத் தனி வீடியோவாகப் போட வேண்டும், இங்கே திணித்தால் தாங்காது.

ஆர்வலர்களுக்குள் ஓயாத ஒரு சண்டை: சீர்செய்த விமானம் அசலா? இறக்கையின் மரச்சட்டம் புதிது, லினன் துணி புதிது, அந்தத் துணியை விறைக்க வைக்கிற டோப் பூச்சும் புதிது, கம்பியும் புதிது. மிச்சம் என்ன இருக்கிறது என்கிறார்கள். செட்டிநாட்டுக்காரனுக்கு இது சிக்கலே இல்லை. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஓடு மாற்றுவார்கள், உத்தரம் மாற்றுவார்கள், வளவில் ஆத்தங்குடிக் கல் புதிதாகப் பதிப்பார்கள். அது ஐயா கட்டிய வீடுதான். பிரித்து விற்றால்தான் வீடு போச்சு. முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் பர்மா தேக்குத் தூணும் நிலைக்கதவும் தனித்தனியாக விலைக்கு நிற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். மர புரொப்பெல்லரின் நடுவில் கடிகாரம் பொருத்தி ஹோட்டல் சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்தாலும் அதே எரிச்சல்தான்.

அதனால் என் கட்சி, பறக்க விட வேண்டும் என்கிற கட்சி. விபத்து ஆபத்து இருக்கிறது, உதிரி பாகம் கிடைக்காது, எல்லாம் தெரியும். ஆனால் எஞ்சின் ஓடாமல் கிடந்தால் உள்ளே துரு ஏறும். இன்னொன்று, இறக்கைத் துணியை விலா எலும்புச் சட்டங்களோடு சேர்த்துத் தைக்கத் தெரிந்த கை இருக்கிறதே, விமானம் கண்ணாடிக் கூண்டுக்குள் போன பிறகு அதற்கு வேலை ஏது? ஒருவர் இன்னொருவருக்குக் காட்டிக் கொடுக்க வேண்டிய தொழில் அது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு ஐயாவோ அப்பத்தாவோ இந்த ஓடுதளத்தில் விமானம் இறங்கியதைப் பார்த்ததாகச் சொன்னால், போனில் அவர்கள் குரலைப் பதிவு செய்து அனுப்புங்கள். வீடியோ வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எந்த வருடம், ஒரு இறக்கையா இரண்டு இறக்கையா, இந்த இரண்டை மட்டும் மறக்காமல் கேட்டுவிடுங்கள்.