கேசட் ஓடுகிற வரைக்கும்

நேயர்களுக்கு வணக்கம். காதுகுத்து, வளைகாப்பு, குலதெய்வம் கோயில் பொங்கல் என்று 2000-களில் சொந்தக் கேமராவில் வீடியோ எடுத்தவர்கள் வீட்டு பீரோவில் இன்னும் ஒரு டப்பா நிறைய குட்டி கேசட்டுகள் இருக்கும். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. மினி டிவி (Mini DV) கேசட் என்பார்கள், 1995-இல் வந்தது. அதில் உள்ளதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி எடிட் செய்வது பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

பென் டிரைவில் காப்பி எடுக்கிற வேலை இல்லை இது. ஒரு மணி நேரப் பதிவு என்றால் கேசட் ஒரு மணி நேரம் ஓடியே ஆக வேண்டும். அதனால் கேமராவை பேட்டரியில் வைக்காமல் அடாப்டரில் போடுங்கள். அதற்கும் முன்னால் கேசட்டின் முதுகைப் பாருங்கள். சின்னதாக ஒரு தள்ளுப் பொத்தான் இருக்கும். அதை 'சேவ்' பக்கம் தள்ளிவிட்டால், கை தவறி ரெக்கார்டை அமுக்கினாலும் பழைய படம் அழியாது. வருஷக்கணக்கில் சும்மா கிடந்த கேசட் என்றால் ஒரு முறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுப் போடுவது நல்லது.

அடுத்தது வயர். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கேமராவில் யூஎஸ்பி துளை இருக்கும். பல மாடல்களில் அது மெமரி கார்டில் உள்ள போட்டோவுக்கு மட்டும்தான். வீடியோ வர வேண்டிய வழி ஃபயர்வயர் என்கிற வேறொரு துளை. சோனி கேமராவில் 'ஐ.லிங்க்' என்று எழுதியிருக்கும், சிலதில் வெறும் 'டிவி' (DV) என்று இருக்கும். ஒரு பக்கம் ஃபயர்வயர், மறுபக்கம் யூஎஸ்பி என்று மலிவாக ஒரு வயர் விற்கிறார்கள். வாங்காதீர்கள். இரண்டும் வேறு வேறு முறை. முனையை மட்டும் மாற்றினால் படம் வராது. மேஜைக் கம்ப்யூட்டர் என்றால் உள்ளே ஒரு ஃபயர்வயர் கார்டு போட்டுக்கொள்ளலாம். பழைய லேப்டாப்பில் அந்தத் துளை இருந்தால் அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், இந்த வேலைக்கு அதுதான் ராஜா. ஆப்பிள்கூட 2025-இல் வந்த மேக் ஓஎஸ் டஹோவில் ஃபயர்வயரையே கைவிட்டுவிட்டது.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரைப் போட்டு இழுத்தால் வராதா? வரும். ஆனால் கேசட்டில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். ஃபயர்வயர் அதை இருக்கிறபடியே கொண்டுவரும். மூன்று வண்ண வயர் அதை அனலாக் ஆக்கி அனுப்பும். கம்ப்யூட்டர் பக்கம் மறுபடி டிஜிட்டல் ஆக்க வேண்டும். தெளிவு குறையாமல் இருக்குமா? வி.ஹெச்.எஸ். கேசட்டுக்கு அதைத் தவிர வேறு வழி இல்லை, சரி. மினி டிவிக்கு எதற்கு?

ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி இடம் பிடிக்கும். ஹார்ட் டிஸ்க் ஃபேட்32 முறையில் இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது. சுமார் 20 நிமிஷத்தில் பதிவு நின்றுவிடும், அல்லது துண்டு துண்டாக விழும். முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும்போது படத்தில் சதுரம் சதுரமாக உடைந்தால், கேமராவுக்குள் டேப்பைப் படிக்கிற ஹெட்டில் தூசு இருக்கலாம். கிளீனிங் கேசட்டைச் சில விநாடி மட்டும் ஓட்டிவிட்டு, அந்த இடத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

அப்புறம் எடிட்டிங். குழந்தை ஓடுகிற காட்சியில் ஓரமெல்லாம் கிடைக்கோடுகள் தெரியும். பயப்பட வேண்டாம். அந்தக் காலக் கேமரா ஒரு படத்தை இரண்டு பாதியாக எடுக்கும், அவ்வளவுதான். வெட்டி ஒட்டி முடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பச் சின்ன ஃபைல் எடுக்கும்போது 'டீஇன்டர்லேஸ்' கொடுத்தால் போய்விடும். இடம் அடைக்கிறதே என்று அந்த 13 ஜிபி ஃபைலை மட்டும் அழித்துவிடாதீர்கள். இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு, ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு இன்னொன்றை அண்ணன் வீட்டிலோ மகள் வீட்டிலோ கொடுத்துவையுங்கள். வணக்கம்.