ஆட்டுக்குட்டி திருட்டுல முடிஞ்ச தேவலோகக் காதல்! ஊர்வசி–புரூரவஸ் கதையோட யாரும் சொல்லாத க்ளைமாக்ஸ்

[திரை முழுக்க இருட்டு. ஆட்டுக்குட்டி கத்துற சத்தம். பளிச்சுனு ஒரு மின்னல்.]

நடுராத்திரி. ஒரு ராஜா தூங்கிட்டிருக்கார். பக்கத்துல தேவலோகத்துப் பொண்ணு. அவ கட்டில்ல ஒரு ஆடும் ரெண்டு குட்டியும் கட்டிக் கிடக்கு. யாரோ வந்து குட்டியத் தூக்கிட்டுப் போறாங்க. ராஜா எந்திரிச்சுப் பாயுறார், துணி எடுத்துக் கட்டிக்கக்கூட நிக்கல. அவ்வளவுதான், கல்யாணம் முடிஞ்சு போச்சு!

வணக்கம் மக்களே. தெய்வப் பொண்ணும் மனுஷனும் காதலிக்கிற கதை இல்லாத நாடே கிடையாது. அதுல ரொம்பப் பழைய கதைகள்ல ஒண்ணு நம்ம ஊர்வசி, புரூரவஸ் கதை. ஆனா மத்த கதைக்கெல்லாம் இல்லாத ஒரு விஷயம் இதுக்கு இருக்கு. இந்தக் காதல் கடைசியில ஒரு கருவியா மாறிடுச்சு. உவமைக்குச் சொல்லல. மரத்துல செஞ்சு, கயிறு சுத்தி, கையால இழுக்கிற கருவி. அது வர்ற வரைக்கும் ஸ்கிப் பண்ணாம இருங்க.

முன்கதைய வேகமா முடிச்சிடுவோம். புரூரவஸ், புதனுக்கும் இளைக்கும் பிறந்தவர். சந்திர வம்சத்து ராஜா. பாண்டவங்க, கௌரவங்க எல்லாரும் இவர் வழியில வந்தவங்கதான். ஊர்வசி அப்சரஸ், அதாவது தேவலோகத்து நடனப் பொண்ணு. "அப்சரஸ் தேவியே இல்லையே"னு கமெண்ட் போடக் கை துறுதுறுங்குதா? அவளுக்குச் சாவு கிடையாது, மனுஷங்க சாப்பாடும் கிடையாது. இந்தக் கதைக்கு அது ரெண்டும் போதும்.

இப்போ கதை எங்க இருக்கு? முதல்ல ரிக் வேதம், 10ஆம் மண்டலம், 95ஆவது சூக்தம். 18 பாட்டு. அதுல கதையே கிடையாது, பிரிஞ்சு போனதுக்கு அப்புறம் ரெண்டு பேரும் போடுற சண்டை மட்டும்தான் இருக்கு. என்ன நடந்துச்சுன்னு முழுசாச் சொல்றது அதுக்குப் பின்னாடி வந்த சதபத பிராமணம், வேள்விச் சடங்குகள விளக்குற உரைநடை நூல், 11ஆவது காண்டம். விஷ்ணு புராணம், பாகவதம் எல்லாம் இன்னும் பின்னாடி.

[திரை: ஓலைச்சுவடி மாதிரி ஒரு ஒப்பந்தப் பத்திரம்.]

காதல்னதும் நிலா, பூ, தென்றல்னு எதிர்பார்ப்பீங்க. ஊர்வசி கொண்டு வர்றது நிபந்தனை. சதபத பிராமணத்துல மூணு. ஒரு நாளைக்கு மூணு தடவை என்னைத் தழுவணும். எனக்கு விருப்பம் இல்லாதப்போ கிட்ட வரக்கூடாது. உன்னைத் துணியில்லாம நான் பார்க்க நேரக்கூடாது.

ரெண்டாவது நிபந்தனைய இன்னொரு தடவை படிங்க. சம்மதம் இல்லாம தொடக்கூடாதுன்னு கிறிஸ்து பிறக்கிறதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே ஒருத்தி முகத்துக்கு நேரா சொல்லியிருக்கா. விஷ்ணு புராணத்துலயும் பாகவதத்துலயும் இந்த வரி காணாமப் போயிடுது. அதுக்குப் பதிலா ரெண்டு ஆட்டுக்குட்டிய பத்திரமாப் பார்த்துக்கணும், நெய் மட்டும்தான் சாப்பிடுவேன்னு புது நிபந்தனைங்க வந்து உக்காந்துக்குது. ஒரு கதைய யார் எப்போ திருத்துறாங்கன்னு தெரியணும்னா, அதுல எந்த ஷரத்து காணாமப் போகுதுன்னு பாருங்க. என்னைக் கேட்டா சதபதத்துல வர்ற ஊர்வசிதான் கெத்து.

சரி, அந்த ராத்திரிக்கு வருவோம். இதைத்தான் நிதானமாப் பிரிச்சுப் பார்க்கணும், ஏன்னா இது ஒரு பக்கா ஸ்கெட்ச்.

ஊர்வசி ரொம்ப நாள் பூமியில தங்கிட்டா, கர்ப்பமும் ஆயிட்டா. மேல இருக்கிற கந்தர்வர்களுக்கு, அதாவது தேவலோகப் பாடகர்களுக்கு, பொறுக்கல. அவளத் திரும்பக் கூட்டிட்டுப் போகணும், ஆனா பலவந்தமா இழுத்துட்டுப் போக முடியாது. அதனால ஒப்பந்தத்தை உடைக்கணும். எந்த ஷரத்த உடைக்கிறது? முதல் ரெண்டும் புரூரவஸ் கையில இருக்கு, வெளியாள் ஒண்ணும் பண்ண முடியாது. மூணாவதுதான் ஓட்டை. அது ராஜா என்ன செய்யறார்ங்கிறதப் பொறுத்தது இல்ல, ஊர்வசி கண்ணுல என்ன படுதுங்கிறதப் பொறுத்தது.

அதுக்கு மூணு வேலை நடக்கணும். ராஜா படுக்கையை விட்டு எழுந்திரிக்கணும். எழுந்திரிக்கும்போது உடம்புல துணி இருக்கக்கூடாது. அந்த நேரத்துல வெளிச்சம் இருக்கணும்.

முதல் குட்டியத் தூக்குறாங்க. "வீரன் இல்லாத இடம் மாதிரி, ஆளே இல்லாத இடம் மாதிரி என் பிள்ளையத் தூக்கிட்டுப் போறாங்களே"ன்னு ஊர்வசி கத்துறா. ராஜா எழுந்திரிக்கல. ரெண்டாவது குட்டியும் போகுது. திரும்பவும் அதே வார்த்தை. இப்போ சுருக்குனு தைக்குது. நான் இருக்கிற இடம் எப்படி ஆளில்லாத இடம் ஆகும்? பாய்ஞ்சு எழுந்திரிக்கிறார். துணி கட்டிக்கிட்டா நேரம் ஆயிடும்னு அவர் நினைச்சதா அந்தப் பழைய உரைநடையே சொல்லுது. அடுத்த நொடி கந்தர்வர்கள் மின்னல விடுறாங்க. பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். அவ பார்த்துட்டா. ராஜா திரும்பி வர்றதுக்குள்ள ஆளக் காணோம்.

வேற கதைகளோட ஒப்பிட்டுப் பாருங்க. கங்கை விஷயத்துல சந்தனு தானாவே வாய் திறந்து கேள்வி கேட்டார், ஒப்பந்தம் உடைஞ்சது. கிரேக்கத்துல விடியல் தேவி ஈயோஸ், காதலன் டித்தோனஸுக்குச் சாகாவரம் வாங்கினா, இளமைய வாங்க மறந்துட்டா. அவன் கிழடாகிச் சுருங்கிக்கிட்டே போறான். அங்கெல்லாம் ரெண்டு பேர்ல ஒருத்தர் மேல தப்பு இருக்கு. இங்க ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல. பொண்டாட்டி கூப்பிட்ட குரலுக்கு ஓடினதுதான் புரூரவஸ் செஞ்ச குத்தம்.

[திரை: தாமரைக் குளம். நீர்ப்பறவைகள்.]

அப்புறம் குருக்ஷேத்திரம் முழுக்க அழுதுகிட்டே அலையுறார். ஒரு தாமரைக் குளத்துல அப்சரஸ்கள் நீர்ப்பறவை உருவத்துல நீந்திட்டிருக்காங்க. ஊர்வசி இவர அடையாளம் கண்டு முன்னால வர்றா. ரிக் வேதச் சண்டை இங்கதான். "விடியல்ல முதல் விடியல் மாதிரி நான் போயிட்டேன், காத்தப் பிடிக்க முடியாத மாதிரி என்னையும் பிடிக்க முடியாது, வீட்டுக்குப் போ"ங்கிறா. "நான் செத்து விழுறேன், ஓநாய் என்னைத் தின்னட்டும்"ங்கிறார் இவர்.

அதுக்கு அவ சொல்ற பதில்தான் 15ஆவது பாட்டு. பெண்களோட நட்பே கிடையாது, அவங்க நெஞ்சு கழுதைப்புலியோட நெஞ்சுன்னு வரும். இந்த ஒத்தை வரிய வெட்டி எடுத்துட்டு, பார்த்தியா வேதமே பெண்களத் திட்டுதுன்னு ரெண்டு பக்கமும் சண்டை நடக்கும். அந்தப் பாட்டோட முதல் பாதி என்ன தெரியுமா? "புரூரவஸ், சாகாதே. விழுந்துடாதே. ஓநாய்க்கு இரையாகாதே." தற்கொலை பண்ணிக்கப் போறவன்கிட்ட, என்னை நினைச்சுச் சாகாதடா, நான் அதுக்கு லாயக்கில்லன்னு சொல்றா. வெறுப்பு எங்க இருக்கு இதுல?

அடுத்த பாட்டு இன்னும் அழகு. நாலு சரத் காலம் மனுஷங்களோட இருந்தேன், நாளுக்கு ஒரு தடவை ஒரு சொட்டு நெய் சாப்பிட்டேன், அந்த நிறைவோடவே இன்னும் திரியுறேன்ங்கிறா. அந்த நெய்ய மறந்துடாதீங்க. திரும்ப வரும்.

ரிக் வேதத்துல இதுக்கப்புறம் சேர்ந்து வாழ்றதெல்லாம் கிடையாது. நீ சாகப் பிறந்தவன், உன் சந்ததி தேவர்களுக்கு வேள்வி செய்யும், உனக்கும் சொர்க்கத்துல மகிழ்ச்சி உண்டுன்னு சொல்லி முடியுது. சதபதத்துல கொஞ்சம் இரக்கம் காட்டுறாங்க. ஒரு வருஷம் கழிச்சு, கடைசி ராத்திரி வா, ஒரே ஒரு ராத்திரி, அப்போ பிள்ளை பிறந்திருக்கும்ங்கிறா. போறார். கந்தர்வர்கள் வரம் கொடுப்பாங்க, "உங்கள்ல ஒருத்தனா என்னை ஆக்குங்க"ன்னு கேளுன்னு அவளே சொல்லிக் கொடுக்கிறா. கேட்கிறார். சட்டியில நெருப்பு கொடுக்கிறாங்க, இதுல வேள்வி செஞ்சா நீ எங்கள்ல ஒருத்தன்னு.

மனுஷன் என்ன பண்றார்? நெருப்புச் சட்டியக் காட்டுல வச்சுட்டு, பையனை மட்டும் ஊருக்குத் தூக்கிட்டுப் போறார்! திரும்பி வந்து பார்த்தா நெருப்பு அரசமரமாவும், சட்டி வன்னிமரமாவும் ஆகியிருக்கு. (அமரத்துவத்த யாராவது பார்க்கிங்ல விட்டுட்டுப் போவாங்களா?)

மறுபடி கந்தர்வர்கள்கிட்டயே போய் நிக்கிறார். முதல் வழி: ஒரு வருஷம் நாலு பேர் சாப்பிடுற அளவு சோறு பொங்கு, ஒவ்வொரு தடவையும் அரசங்குச்சி மூணு நெய் தடவி நெருப்புல போடு. உடனே அவங்களே, அது சுத்து வழி, மேல்கட்டை அரசுல, கீழ்கட்டை வன்னியில செஞ்சு கடைஞ்சு தீ எடுங்கிறாங்க. அப்புறம், அதுவும் சுத்து வழிதான், ரெண்டையும் அரசுலயே செய்ங்கிறாங்க. கடைஞ்சார். அந்தத் தீயில வேள்வி செஞ்சார். கந்தர்வன் ஆனார்.

[திரை: அரணிக் கட்டையோட படம். பாகங்கள் ஒவ்வொண்ணா ஒளிருது.]

வந்தாச்சு, நான் சொன்ன கருவி. அரணி.

கீழ்கட்டை, பட்டையான பலகை. சாஸ்திர அளவு நீளம் 24 அங்குலம், அகலம் 6, உயரம் 4. இது ஸ்கேல் அங்குலம் இல்ல, விரல் அகலம். 24 விரல்னா ஒரு முழம், கிட்டத்தட்ட 45 சென்டிமீட்டர். ஏன் 24? காயத்ரிக்கு 24 எழுத்து. புரூரவஸ் காயத்ரியச் சொல்லிச் சொல்லி எழுத்துக்கு ஒரு விரல்னு அளந்தார்ங்குது விஷ்ணு புராணம். மேல்கட்டையில இருந்து ஒரு முளைய வெட்டி, கடையற கோலோட அடியில செருகணும். அந்த முளை கீழ்கட்டைக் குழியில உக்காரும். கோல் தலையில ஒரு கட்டைய வச்சு ஒருத்தர் அழுத்திப் பிடிக்கணும். கோல்ல சுத்தின கயித்த இன்னொருத்தர் தயிர் கடையற மாதிரி மாத்தி மாத்தி இழுக்கணும்.

நேரடியா ஜுவாலை வராது. மரம் தேய்ஞ்சு முதல்ல கருப்புப் பொடி விழும், புகையும், அந்தப் பொடிதான் கனலாகும். அதைப் பஞ்சு, நார்னு எதிலயாவது வாங்கி ஊதணும். கட்டையில ஈரம் இருந்தா சூடெல்லாம் ஈரத்தை உலர்த்தவே போயிடும். புகையைப் பார்த்து சந்தோஷத்துல கயித்த நிறுத்தினீங்கன்னா பொடி ஆறிடும், முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அழுத்தம் குறைஞ்சா முளை வழுக்கும், தீயே வராது.

இப்போ கவனிங்க. சோம வேள்வியில தீக் கடையும்போது கீழ்கட்டைய வைக்கிறப்போ சொல்ற மந்திரம், "உர்வசி அஸி". நீ ஊர்வசி. மேல்கட்டைய எடுத்து நெய்ச் சட்டியில தொடும்போது "ஆயுர் அஸி". நீ ஆயு. ஆயு யாரு? அவங்க பிள்ளை! மேல்கட்டைய அவ மேல வைக்கும்போது "புரூரவா அஸி". நீ புரூரவஸ்.

புல்லரிக்குதா இல்லையா? பிரிஞ்சு போன ரெண்டு பேரையும் ஒவ்வொரு வேள்வியிலயும் சேர்த்து வைக்கிறாங்க, பிறக்கிறது தீ. தீக்கு உணவு நெய். பூமியில அவ சாப்பிட்ட ஒரே சாப்பாடும் நெய். 1975 ஏப்ரல்ல கேரளத்துப் பாஞ்ஞாள்ல நம்பூதிரிகள் 12 நாள் நடத்தின அக்னிசயனம்ங்கிற வேத வேள்வி படமாப் பதிவாகியிருக்கு. அதுலயும் அரணிய வச்சுத்தான் தீ எடுத்தாங்க.

நம்ம பக்கம் இந்தக் கருவிக்குப் பேரு தீக்கடைகோல், சங்கத் தமிழ்ல ஞெலிகோல். வீட்டுக் கூரை ஓரத்துல செருகி வச்ச ஞெலிகோல் மாதிரி அடங்கியும் இருப்பான், அதுல இருந்து கிளம்பின தீ மாதிரியும் தெரிவான்னு அதியமான் நெடுமான் அஞ்சிய ஔவையார் பாடுறாங்க, புறநானூறு 315. இந்த உவமைக்கே ஒரு லைக் போடலாம்.

ஆராய்ச்சியாளர் சண்டைக்கு ஒரு வரி: மாக்ஸ் முல்லர் 1856ல ஊர்வசி விடியல், புரூரவஸ் சூரியன்னார், கோசாம்பி 1962ல புரூரவஸ் பலியாகப் போற ஆளுன்னார். எனக்கு ரெண்டுமே அரணி அளவுக்கு ருசிக்கல.

காளிதாசர் இதை அஞ்சு அங்க நாடகமா மாத்தி, சுபமா முடிச்சார். அதுல ஊர்வசி தேவலோக மேடையில லட்சுமி வேஷம் போடுறா. உன் மனசு யார் மேலன்னு கேட்டதும் "புருஷோத்தமன்"னு சொல்லாம "புரூரவஸ்"னு உளறிடுறா. பரத முனிவர் சாபம்.

இப்போ சிலப்பதிகாரத்தத் திறங்க, கடலாடு காதை. அங்க அவ பேரு உருப்பசி. இந்திரன் சபையில ஆட வேண்டிய ஆட்டத்தக் கோட்டை விட்டு, சாபம் வாங்கி மண்ணுக்கு வர்றா. இந்தத் தடவை மனசு போனது இந்திரன் மகன் சயந்தன் மேல, சபிச்சவர் அகத்தியர். வடக்குல மேடை வசனத்துல உளறல், தெற்குல மேடை ஆட்டத்துல சறுக்கல். ரெண்டுக்கும் காரணம் காதல்! இதுல வேடிக்கை, மித்திரனும் வருணனும் ஊர்வசியப் பார்த்ததாலதான் அகத்தியரே குடத்துல பிறந்தார்னு வடமொழிக் கதை இருக்கு.

அப்படிச் சபிக்கப்பட்டு வந்த உருப்பசி வழியில பிறந்தவதான் மாதவி. அதே கடலாடு காதையில அவ ஆடின 11 ஆடல் பத்தி அடுத்த வீடியோ. அதுல எந்த ஆடல முதல்ல பிரிச்சுப் பார்க்கலாம்னு கமெண்ட்ல சொல்லுங்க.