லினக்ஸுக்குள் யூனிக்ஸ் நிரல் இருக்கிறதா?

நேயர்களுக்கு வணக்கம்.

யூனிக்ஸ், லினக்ஸ் என்ற கணினி இயங்குதளங்கள் பிறந்த விதம் பற்றி நம்மிடையே வழங்கும் தகவல்களில் பல பிழையானவை. யூனிக்ஸை இலவசமாக்கி வெளியிட்டதுதான் லினக்ஸ் என்கிறார்கள். மினிக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தை நகலெடுத்துச் செய்தது என்கிறார்கள். யூனிக்ஸ் தொடக்கம் முதலே சி என்ற நிரல்மொழியில் இருந்தது, லினக்ஸ் முதல் நாளிலிருந்தே கட்டற்ற மென்பொருள் என்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான்குமே தவறு.

ஒரு மென்பொருள் இன்னொன்றிலிருந்து வந்தது என்றால் அதற்கு மூன்று பொருள் இருக்கலாம். மூலநிரலின் வரிகளே அங்கிருந்து வந்திருக்கலாம். வரிகள் வராமல், வேலை செய்யும் முறை மட்டும் பின்பற்றப்பட்டிருக்கலாம். அல்லது பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமை மட்டும் கிடைத்திருக்கலாம். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பிழைகள் பெருகுகின்றன.

யூனிக்ஸிலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவின் எம்ஐடி, ஜெனரல் எலக்ட்ரிக், பெல் ஆய்வகம் மூன்றும் சேர்ந்து 1960களில் மல்டிக்ஸ் என்ற பெரிய இயங்குதளத்தை உருவாக்கிக்கொண்டிருந்தன. 1969இல் பெல் ஆய்வகம் விலகிக்கொண்டது. மல்டிக்ஸ் அத்துடன் செத்துப்போனது என்று பலர் எழுதுகிறார்கள். உண்மையில் ஹனிவெல் நிறுவனம் அதை விற்பனைக்கே கொண்டுவந்தது. அது ஓடிய கடைசிக் கணினி கனடாவில் 2000ஆம் ஆண்டு அக்டோபரில்தான் நிறுத்தப்பட்டது.

மல்டிக்ஸிலிருந்து யூனிக்ஸுக்கு வந்தவை எண்ணங்கள். கோப்புறைக்குள் கோப்புறையாகக் கிளைவிடும் அமைப்பு, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு வெளியே சாதாரண நிரலாக ஓடி, நம் கட்டளைகளை வாங்கும் ஷெல் ஆகியவற்றைச் சொல்லலாம். வரிகள் வந்திருக்க வழியில்லை. மல்டிக்ஸ் 36 பிட் கணினிக்காகப் பெரும்பாலும் பிஎல்-ஒன் மொழியில் எழுதப்பட்டது. கென் தாம்சன் 1969இல் யூனிக்ஸை எழுதியதோ பிடிபி-7 என்ற 18 பிட் கணினியில். அதன் நினைவகம் 8,192 சொற்கள் (ஒரு சொல் 18 பிட்), இன்றைய கணக்கில் ஏறத்தாழ 18 கிலோபைட்.

அங்கே எழுதிய மொழி, அந்தந்தக் கணினியின் கட்டளைகளை ஒட்டியே அமையும் அசெம்பிளி. 1970இல் பிடிபி-11 வந்தபோதும் அசெம்பிளிதான். 1971 நவம்பர் 3 என்று தேதியிட்ட முதல் கையேடு விவரிப்பதும் அசெம்பிளியில் எழுதிய யூனிக்ஸையே. சி மொழி அதன் பிறகுதான் டென்னிஸ் ரிட்ச்சியின் கையில் உருப்பெற்றது. 1972 கோடையில் தாம்சன் கெர்னலை சி-யில் எழுதிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார். அப்போதைய சி-யில், பல தரவுகளை ஒரே தொகுப்பாகக் கட்டும் ஸ்ட்ரக்ட் என்ற வசதி கிடையாது. கோப்பு, பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) முதலியவற்றுக்கான அட்டவணைகளை அது இல்லாமல் எழுதுவது பெரும்பாடு. ஸ்ட்ரக்ட் சேர்ந்த பிறகு, 1973இல் அதே வேலை முடிந்தது. யூனிக்ஸின் தேவைகளே சி மொழியை வளர்த்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சி-யில் எழுதியதும் எந்தக் கணினியிலும் ஓடியது என்று அடுத்து ஒரு தாவல் தாவுவார்கள். அதுவும் சரியல்ல. பிடிபி-11இன் இயல்புகள் நிரலெங்கும் கலந்திருந்தன. முற்றிலும் வேறான கணினிக்கு, அதாவது இன்டர்டேட்டாவுக்கு, யூனிக்ஸைக் கொண்டுபோனது 1977இல்தான்.

அந்த நாளில் யூனிக்ஸ் இலவசமாகக் கிடைத்ததா? 1956இல் அமெரிக்க அரசோடு ஏற்பட்ட உடன்படிக்கைப்படி, பெல் ஆய்வகத்தின் தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி தொலைத்தொடர்பு அல்லாத வேறு தொழிலில் இறங்க முடியாது. அதனால் யூனிக்ஸைச் சந்தைப் பொருளாக விற்காமல், பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் மூலநிரலோடு கொடுத்தார்கள். ஆனால் உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டும், நிரலை வெளியாருக்குக் காட்டக் கூடாது. 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம் மூலநிரலை வகுப்பில் வைத்துப் பாடம் நடத்துவதற்கே தடை போட்டது.

மினிக்ஸ் பிறந்ததற்குக் காரணம் இந்தத் தடைதான். ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ டனன்பாம், ஏடி அண்ட் டி-யின் ஒரு வரியும் கலவாமல், மாணவர்கள் படிப்பதற்கென்றே ஓர் இயங்குதளத்தை எழுதி 1987இல் பாடநூலோடு வெளியிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் அது ஏழாம் பதிப்பைப் போலவே நடந்துகொள்ளும், உள்ளே வேறு கட்டுமானம்.

இப்போது லினக்ஸுக்கு வருகிறேன். ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தன் 386 கணினியில் மினிக்ஸைப் போட்டு, அதற்குள் இருந்தபடியே தன் கெர்னலை எழுதினார். நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர், கட்டற்ற மென்பொருள் திட்டமான குனூவின் ஜிசிசி. 0.01 என்ற முதல் பதிப்பு அந்தச் செப்டம்பரில் வந்தது. ஏறத்தாழ 10,000 வரிகள், சி-யும் அசெம்பிளியும் கலந்தவை. அது கெர்னல் மட்டும்தான். உள்ளே ஷெல் இல்லை, கம்பைலர் இல்லை. குனூவின் பேஷ் ஷெல்லை அதன்மேல் ஓட்டினார்கள். ஆகவே ஓர் இயங்குதளம் முழுவதையும் ஒரே மாணவர் எழுதிவிட்டார் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

மினிக்ஸிலிருந்து வந்தது என்ன? வன்தட்டில் கோப்புகளை அடுக்கும் முறை வந்தது. அவருடைய வன்தட்டு ஏற்கெனவே மினிக்ஸ் அமைப்பில் இருந்தது. அங்கே கம்பைல் செய்ததை இங்கே படிக்க வேண்டும் என்றால் இரண்டும் ஒரே அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த அமைப்பைப் படிக்கும் நிரலை அவரே புதிதாக எழுதினார். அமைப்போடு சேர்த்து அதன் குறைகளும் வந்தன. கோப்பின் பெயர் 14 எழுத்துக்கு மேல் போகாது, வன்தட்டின் ஒரு பிரிவின் அளவு 64 மெகாபைட்டைத் தாண்டாது. இந்த முட்டுக்கட்டையால்தான் 1992 ஏப்ரலில் எக்ஸ்ட் என்ற புதிய கோப்புமுறையும், அடுத்த ஆண்டு எக்ஸ்ட்-2வும் வந்தன.

கெர்னலின் உள்கட்டுமானத்திலோ இரண்டும் எதிரெதிர் துருவங்கள். மினிக்ஸில் கோப்புமுறையும் நினைவக மேலாண்மையும் தனித்தனி பிராசஸாக ஓடி, செய்தி அனுப்பிப் பேசிக்கொள்ளும். லினக்ஸில் எல்லாம் ஒரே கெர்னலுக்குள். இதற்காக டனன்பாமே 1992 ஜனவரியில் லினக்ஸைப் பழைய பாணி என்று பொதுவெளியில் கண்டித்தார். 2004இல், லினக்ஸ் மினிக்ஸிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஓர் ஆய்வு அமைப்பு எழுதியபோது, அதை முதலில் மறுத்தவர்களில் ஒருவரும் அதே டனன்பாம்தான். அந்த நேர்மை பாராட்டத்தக்கது.

உரிமம் பற்றியும் சொல்ல வேண்டும். 0.01இன் உரிமம், குனூவின் கட்டற்ற மென்பொருள் உரிமமான ஜிபிஎல் அல்ல. மூலநிரல் முழுவதையும் கொடுக்க வேண்டும், ஆனால் விநியோகத்துக்குப் பணம் வாங்கக் கூடாது, கையாளும் செலவுக்குக்கூட வாங்கக் கூடாது என்றது. நெகிழ்தட்டில் நகலெடுத்து, தட்டின் விலையை வாங்கிக்கொண்டு கொடுப்பவருக்கும் அது தடைதான். 1992இன் தொடக்கத்தில், 0.12 பதிப்பை ஒட்டி, ஜிபிஎல்லுக்கு மாறிய பிறகே அந்தத் தடை நீங்கியது.

இனி பெயர். யூனிக்ஸ் என்ற வணிகக் குறி ஓபன் குரூப் என்ற அமைப்பின் வசம் உள்ளது. அவர்களின் சோதனையில் தேறிச் சான்று பெற்றால் எந்த நிரலும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். ஐபிஎம்மின் இசட்-ஓஎஸ், பெல் ஆய்வக மரபுக்குச் சம்பந்தமே இல்லாத பெருங்கணினி இயங்குதளம். அது சான்று பெற்றிருக்கிறது. பெர்க்லி பல்கலைக்கழகம் வழியாக நேரடி மரபு உள்ள ஃபிரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் பெறவில்லை. ஆப்பிளின் மேக் இயங்குதளம் 2007இல் பெற்றது. லினக்ஸ் கெர்னலோடு பிற நிரல்களைச் சேர்த்து வெளியிடும் விநியோகங்களில் பெரும்பாலானவை பெறவில்லை.

கடைசியாக, நிரல் வரிகளை எப்படி ஒப்பிடுவது? 2003இல் எஸ்சிஓ நிறுவனம், தன் யூனிக்ஸ் நிரல் லினக்ஸில் இருப்பதாக ஐபிஎம் மீது வழக்குப் போட்டது. அந்த ஆகஸ்டில் மேடையில் காட்டிய சான்றுகளில் ஒன்று, நினைவகம் ஒதுக்கும் ஒரு சிறு நிரல். அது உண்மையிலேயே பழைய யூனிக்ஸ் மரபிலிருந்து வந்ததுதான். லினக்ஸில், எஸ்ஜிஐ நிறுவனத்தின் கணினிகளுக்கான பகுதியில் இருந்தது. ஆனால் அந்தப் பழைய பதிப்புகளை எஸ்சிஓவே, கால்டெரா என்ற பெயரில் இருந்தபோது, 2002இல் தாராளமான உரிமத்தில் வெளியிட்டிருந்தது. யூனிக்ஸின் பதிப்புரிமை எஸ்சிஓவிடம் இல்லை, நோவெல் நிறுவனத்திடம்தான் இருக்கிறது என்று 2010இல் நடுவர் குழுவும் முடிவு சொன்னது.

நீங்களே ஒப்பிட விரும்பினால், லினக்ஸ் 0.01 கெர்னல் டாட் ஆர்க் தளத்தில் ஹிஸ்டாரிக் என்ற கோப்புறையில் இருக்கிறது. யூனிக்ஸின் பழைய பதிப்புகளும் பொதுவில் கிடைக்கின்றன. படிப்பதற்குக் கம்பைல் செய்ய வேண்டியதில்லை. இன்றைய ஜிசிசியில் லினக்ஸ் 0.01 அப்படியே கம்பைலும் ஆகாது, ஒரு காரணம் அதன் அசெம்பிளிப் பகுதிகள் ஏ-அவுட் என்ற பழைய நிரல்கோப்பு வடிவத்துக்கு எழுதப்பட்டவை. முதலில் இரண்டு பக்கமும் கருத்துரைகளையும் வெற்றிடங்களையும் நீக்குங்கள். அடைப்புக்குறி மட்டும் உள்ள வரிகளை விட்டுவிடுங்கள். தொடர்ந்து மூன்று வரிகளாவது ஒத்துப்போனால் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்களும் அறிவிப்புகளும் அடங்கிய தலைப்புக் கோப்புகளைத் தனியே ஒதுக்கிவையுங்கள். போலிப் பொருத்தங்கள் குவிவது அங்கேதான். ஒரு நிரலைக் கட்டாயமாக நிறுத்தும் கில் சிக்னலின் எண் 9 என்பது இரண்டிலும் ஒன்றாகத்தான் இருக்கும், அது யூனிக்ஸ் மரபில் நிலைத்துவிட்ட எண். 0.01இன் பிழை எண்களுக்கான கோப்பில் டோர்வால்ட்ஸே குறிப்பு எழுதிவைத்திருக்கிறார்: வேறு தகவல் கிடைக்காததால் மினிக்ஸின் எண்களையே வைக்க நேர்ந்தது, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரநூலுக்கோ பணம் கேட்கிறார்கள் என்று. இவற்றையெல்லாம் கழித்தபின் எஞ்சும் பொருத்தங்களின் தேதிகளைப் பாருங்கள். இரண்டுக்கும் முந்திய பெர்க்லி நிரல் ஒன்றிலிருந்து இரு பக்கமும் எடுத்திருக்கவும் கூடும்.

வணக்கம்.