நாடா ஓடிய காலத்துத் தொலைக்காட்சி

அன்பான நேயர்களே, வணக்கம்.

இலங்கையில் 1979 ஏப்ரலில் ஐ.ரி.என். தொலைக்காட்சி தொடங்கியது. 1982 பெப்ரவரி 15ஆம் திகதி தேசியத் தொலைக்காட்சியான ரூபவாஹினி வந்தது. அந்தக் காலத் தொலைக்காட்சி நிலையம் என்றதும் பலருக்கு நினைவில் நிற்பது அறிவிப்பாளரின் முகம்தான். உள்ளே வேலை செய்தவர்களுக்கோ பாதி நேரம் படம் பதியும் காந்த நாடாவோடுதான் போகும். திருகோணமலை போல உப்புக்காற்று வீசும் ஊருக்குப் படம்பிடிக்க வந்தால் முழு நேரமும் அதுதான்.

முக்கால் அங்குல அகல நாடா உள்ள, யூமெட்டிக் என்ற வகைக் கசெட்டுகள் அவை. வெளியே கொண்டுபோக 20 நிமிடக் கசெட், கலையகத்துக்கு 60 நிமிடக் கசெட். கமராவும் ரெக்கோடரும் தனித்தனி, நடுவில் ஒரு கேபிள். ஒருவர் கமராவோடு ஓடினால் மற்றவர் ரெக்கோடரைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் ஓட வேண்டும்.

இரவு முழுக்கக் குளிரூட்டிய அறையில் இருந்த ரெக்கோடரைக் காலையில் நேரே திருகோணமலையின் உப்புவெளிக் கரைக்குக் கொண்டுபோனால் உள்ளே பனி படியும். சுழலும் உருளையில் ஈரம் இருந்தால் நாடா ஒட்டிக்கொண்டு கசங்கும். அதனால் ஈரத்தைக் கண்டதும் எச்சரிக்கை விளக்கு எரிந்து இயந்திரம் நின்றுவிடும். எத்தனை பொத்தானை அழுத்தினாலும் பயனில்லை. பையோடு முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்து, வெளிச்சூட்டுக்குப் பழகவிட்ட பிறகுதான் கசெட்டைப் போட வேண்டும்.

கமராவுக்குள் இருந்தது வெற்றிடக் குழாய். சூரியனையோ நடுப்பகல் கடலின் மினுக்கத்தையோ நேரே காட்டினால் அதன் தழும்பு குழாயில் பதிந்துவிடும், சிலவேளை நிரந்தரமாக. பத்திரகாளி அம்பாள் கோயிலில் இரவுப் பூசையைப் பிடித்தால், ஆடும் கற்பூரச் சுடருக்குப் பின்னால் வால் நீளும். பார்த்தவர்கள் அதை அழகுக்காகச் செய்ததென்று நினைத்திருப்பார்கள். உண்மையில் அது குழாயின் குறை.

இனி ஹெட், அதாவது அந்த உருளையில் இருந்துகொண்டு நாடாவில் படத்தைப் பதியும் சிறு முனை. எங்கள் பால் (PAL) ஒளிபரப்பு முறையில் ஒரு செக்கனுக்கு 25 படங்கள், ஒவ்வொன்றிலும் 625 வரிகள். உருளை செக்கனுக்கு 25 தடவை சுழலும். அதிலிருக்கும் இரண்டு ஹெட்டுகளும் ஆளுக்கு அரைப்படமாகப் பதியும். ஒன்றில் அழுக்கு அடைத்தால் நல்ல படமும் வெறும் புள்ளிகளும் மாறி மாறி வரும், திரை துடிக்கும். அப்படித் துடித்தால் நாடாவைக் குறை சொல்ல முன் ஹெட்டைத் துடைத்துப் பாருங்கள்.

துடைக்கவும் முறை உண்டு. மின்சாரத்தை நிறுத்தி மூடியைக் கழற்றுங்கள். மென்தோல் சுற்றிய குச்சியை ஐசோபுரோப்பைல் மதுசாரத்தில் நனைத்து உருளையின் பக்கத்தில் அசையாமல் பிடித்து, மறு கையால் உருளையின் மேல்விளிம்பைப் பிடித்து மெல்லச் சுற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட்டின் நுனி முறியும். பஞ்சுக் குச்சி வேண்டாம், அதன் இழை நுனியில் சிக்கும். காய்ந்த பிறகே கசெட். கடையில் விற்ற துப்புரவுக் கசெட்டுகளை நான் நம்பமாட்டேன். பலவும் உப்புத்தாள் மாதிரி ஹெட்டைத் தேய்த்தன.

தொகுப்பில் பொறுமைதான் முதல். துண்டு துண்டாகச் செருக வேண்டுமென்றால் புதுக் கசெட் முழுவதிலும் முதலில் வெறும் கறுப்புப் படத்தைப் பதிய வேண்டும். 60 நிமிடக் கசெட்டுக்கு 60 நிமிடம். அப்படிச் செய்தால்தான் நாடாவின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தடம் அறாமல் இருக்கும். அது அறுந்த இடத்தில் படம் உருளும். நடுவில் பத்துச் செக்கன் கூட்டச் சொன்னால், அதற்குப் பிந்திய எல்லாவற்றையும் மறுபடி அடுக்க வேண்டும், அல்லது பிரதியிலிருந்து பிரதி எடுக்க வேண்டும். மூன்றாவது பிரதியில் சிவப்பு நிறம் ஓரத்தில் கசியும்.

ஒளிபரப்புக்குப் போகும் கசெட்டின் தொடக்கத்தில் நிறப்பட்டைகளும் ஆயிரம் ஹேர்ட்ஸ் ஒலியும் இருக்கும், அளவு சரிபார்ப்பதற்காக. பிறகு எண்ணும் கடிகாரம். நிகழ்ச்சி தொடங்க ஐந்தாறு செக்கனுக்கு முந்திய இடத்தில் நாடாவை நிறுத்தி வைப்பார்கள். உருளை சீராக ஓட அவ்வளவு நேரம் வேண்டும். பிந்தி அழுத்தினால் நிகழ்ச்சி ஆடிக்கொண்டே தொடங்கும்.

பழைய கசெட் இன்னும் உங்கள் வீட்டில் கிடந்தால், முன்மூடியை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். சுருளின் விளிம்பில் வெள்ளைத் தூள் தெரிந்தால் அது பூஞ்சணம். எந்த இயந்திரத்திலும் போடாதீர்கள். ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கசெட்டுக்கும் அது பரவும். தனியாகப் பொதி செய்து, ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வைத்து, துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.