தனிப்பயணத்தில் மிஞ்சுவது இன்னலே!

நடுவர் அவர்களுக்கும், என் அணித் தோழர்களுக்கும், தனிமையின் சுகத்தை இவ்வளவு நேரம் கூட்டமாக உட்கார்ந்து பேசிய எதிரணியினருக்கும், அவையோருக்கும் வணக்கம்.

'வெளிநாட்டு நகரில் தனியே சுற்றுவதில் மிஞ்சுவது இனிமையா, இன்னலா?' இதுதான் தலைப்பு. நான் இன்னலே என்று பேச வந்திருக்கிறேன். 'தனிமரம் தோப்பாகாது' என்றுதான் ஆரம்பிப்பேன் என்று எதிரணித் தம்பி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். மூடிக்கொள்ளலாம் தம்பி. பழமொழி எல்லாம் வேண்டாம். நீங்கள் புகழ்ந்து தள்ளிய டோக்கியோவையே பேசுவோம். அலுவலக வேலையாக நானும் போய், வேலை முடிந்த பிறகு தனியாகச் சுற்றிப் பார்த்த ஊர்தான் அது.

தம்பி என்ன சொன்னார்? தனியாக வருபவனுக்கென்றே கட்டிய ஊர் டோக்கியோ என்றார். ராமென் என்ற நூடுல்ஸ் சூப் கடை வாசலிலேயே ஓர் இயந்திரம் நிற்கும், காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும், சீட்டை நீட்டிவிட்டு உட்கார்ந்தால் கிண்ணம் வரும், யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டாம் என்றார். சில கடைகளில் இருக்கைக்கு இரண்டு பக்கமும் பலகைத் தடுப்பு இருக்கும், பக்கத்தில் சாப்பிடுகிறவர் முகம்கூடத் தெரியாது, ஆகா என்ன சுதந்திரம் என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

நடுவர் அவர்களே, பரீட்சை ஹாலில்கூடப் பக்கத்துப் பையன் முகம் தெரியும்!

தம்பி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். 2021 பிப்ரவரியில் ஜப்பான் அரசு, தனிமைப் பிரச்சினையைக் கவனிப்பதற்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தது. 2024 ஏப்ரலில் அதற்கென ஒரு சட்டமும் நடைமுறைக்கு வந்தது. நம் ஊரில் பால்வளத்துக்கு அமைச்சர் இருக்கிறார், அங்கே தனிமைக்கு இருக்கிறார். ராமென் கடைப் பலகையால்தான் அந்த நிலை வந்தது என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் அமைச்சர் போட்டுத் தீர்க்கப் பார்க்கிற ஒரு சங்கதியை, விமான டிக்கெட் எடுத்துக்கொண்டு போய் அனுபவித்துவிட்டு இனிமை என்கிறீர்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை.

சரி, சாப்பாட்டுக்கே வருகிறேன். நான் சைவம். காய்கறி மட்டும் போட்ட கிண்ணம் என்று படத்தைப் பார்த்து நம்பி உட்கார முடியாது. அந்த ஊர்ச் சமையலுக்கு அடித்தளமே தாஷி என்கிற சாறு. பெரும்பாலும் உலர்த்திச் சீவிய மீனிலிருந்து எடுப்பது. மிசோ என்ற சோயா விழுதில் செய்யும் சூப்பில் இருக்கும், நூடுல்ஸ் தொட்டுக்கொள்ளும் சாற்றில் இருக்கும், வெறும் கீரையை வேகவைத்துக் கொடுத்தாலும் அதன்மேல் இருக்கும். இதைக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தம்பி போன கடையிலோ பேசுவதற்கு ஆளே இல்லை, இயந்திரம்தான் நிற்கிறது! காய்கறியும் தோஃபு என்ற சோயாக் கட்டியும் மேசையிலேயே கொதிக்கும் நாபே என்ற பானைச் சமையலாவது சாப்பிடலாம், சாற்றை மட்டும் மாற்றித் தரச் சொல்லலாம் என்று ஒரு கடைக்குள் நுழைந்தேன். பணிப்பெண் சிரித்த முகத்தோடு இரண்டு விரலைக் காட்டினார். குறைந்தது இரண்டு பேர் வேண்டுமாம். பக்கத்து மேசையில் நான்கு பேர் பானையைச் சுற்றி உட்கார்ந்து ஆவி பறக்கச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கடையில் இருந்த தேநீர்க் குவளைகளை ரசித்துவிட்டு வெளியே வந்தேன்.

கடைசியில் எங்கே போனேன் தெரியுமா? நிஷி-கசாய். டோக்கியோவின் கிழக்கோரம், தோசாய் ரயில் பாதையில் இருக்கிறது. 2000க்குப் பிறகு மென்பொருள் வேலைக்குப் போன நம் இந்தியர்கள் நிறையப் பேர் குடியேறிய பகுதி. தோசை கிடைத்தது. அதைவிட முக்கியம், பக்கத்து மேசையில் தமிழ் கேட்டது. தோசை வருவதற்குள் அவர்களுடைய வீட்டு வாடகை வரை விசாரித்து முடித்துவிட்டேன். ஏழு கடல் தாண்டித் தனியாகப் போய் நான் தேடியது என்ன என்று நடுவர் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அடுத்து, வழி. வழி தவறுவதும் ஒரு சுகம் என்று எதிரணி அக்கா சொன்னார்கள். அக்கா, ஷின்ஜுகு ரயில் நிலையத்தில் வழி தவறியிருக்கிறீர்களா? உலகிலேயே அதிகப் பயணிகள் புழங்கும் நிலையம் என்று கின்னஸில் ஏறியது. நாளொன்றுக்கு லட்சக்கணக்கானவர்கள் புழங்குகிறார்கள். ஐந்து ரயில் நிறுவனங்கள், 200க்கும் மேற்பட்ட வாசல்கள். பூமிக்கு அடியில் கைபேசி வரைபடத்தின் நீலப்புள்ளி நம்மைவிடக் குழம்பிப்போய், நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. என் விடுதி மேற்குப் பக்கம். கையில் சக்கரப் பெட்டி. எதிரில் வருகிறவர்களோ ஒருவர்மேல் ஒருவர் இடிக்காமல், யாரும் நிற்காமல், ஆறு மாதிரி போகிறார்கள். நின்று வழி கேட்க ஒரு முகம் வேண்டுமே! கூட ஒருவர் இருந்தால், "நீ பெட்டியைப் பார்த்துக்கோ, நான் மேலே ஏறிப் பார்த்துட்டு வரேன்" என்று சொல்லலாம். தனியாள் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மேலே ஏறி, இது கிழக்கு வாசல் என்று தெரிந்துகொண்டு, அதே பெட்டியோடு இறங்க வேண்டும்.

கோபான் இருக்கிறதே என்பீர்கள். தெருமுனைக் காவல் சாவடி. ஆம், இருந்தது. உள்ளே இருந்த காவலர் குனிந்து வணங்கி, ஒரு காகித வரைபடத்தை விரித்து, சிவப்புப் பேனாவால் நான் போக வேண்டிய வழியைத் தெருத் தெருவாகக் கோடு போட்டு, திருப்பங்களில் சின்ன வட்டமும் போட்டுக் கொடுத்தார். அருமையான மனிதர். நான் மறுக்கவில்லை. ஆனால் சுற்றுலா போன ஊரில் நான் அன்று அதிக நேரம் பேசியது ஒரு போலீஸ்காரரிடம் என்றால், அதை இனிமைக் கணக்கிலா எழுதுவது?

தொலைந்த பர்ஸ் திரும்பி வரும் ஊர் என்றும் சொன்னீர்கள். உண்மை. கண்டெடுத்தவருக்கு 5 முதல் 20 சதவீதம் வரை சன்மானம் என்று சட்டமே இருக்கிறது. ஆனால் திரும்பி வரும்வரை என்ன செய்வது? துணைக்கு வந்தவர் பர்ஸ் இருந்தால் அன்றைய சாப்பாடு நடக்கும். தனியாள் பட்டினி கிடந்து சட்டத்தைப் பாராட்ட வேண்டியதுதான்.

செலவு வேறு. அங்கே கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விட்டால் மறுபடி விடிகாலையில்தான். இடையில் டாக்ஸிதான் கதி, இரவு 10 மணி முதல் காலை 5 வரை 20 சதவீதம் கூடுதல். நால்வர் போனால் நாலில் ஒரு பங்கு. தனியாகப் போனால் மீட்டர் முழுக்க நமக்கே சொந்தம். பெண்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. காலை நெரிசலில் சில ரயில் பாதைகளில் மகளிர் பெட்டி விடுகிறார்கள், சும்மா விடவில்லை, நெரிசலில் நடக்கும் சீண்டல்களால்தான் விடுகிறார்கள். ஷின்ஜுகு பக்கத்தில் இருக்கும் இரவுக் கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோவில், 'கூவி அழைப்பவர் பின்னால் போகாதீர்கள்' என்று ஒலிபெருக்கியிலேயே எச்சரிக்கை ஓடுகிறது. பாதுகாப்பான ஊர்தான். பாதுகாப்பான ஊரிலேயே இவ்வளவு.

இப்போது ஓர் இரவைச் சொல்கிறேன். ஒன்பதாவது மாடி அறை. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் பெட்டியைத் திறக்க இடமில்லாத அறை. தூங்கிக்கொண்டிருந்தேன். அலமாரிக்குள் தொங்கிய ஹேங்கர்கள் ஒன்றோடொன்று மோதி டிக் டிக் என்று ஒரு சத்தம். எலியோ என்று நினைத்தேன். அப்புறம் மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் ஆடியது. கட்டில் யாரோ பிடித்து மெதுவாக அசைப்பது போல அசைந்தது. நில அதிர்வு! நம் ஊரில் இதற்கெல்லாம் நமக்குப் பழக்கமில்லை. ஓட வேண்டுமா, மேசைக்கு அடியில் போக வேண்டுமா, பாஸ்போர்ட்டை எடுக்க வேண்டுமா? கதவைத் திறந்து தாழ்வாரத்தைப் பார்த்தேன். ஒரு கதவும் திறக்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் இந்த அளவுக்கெல்லாம் புரண்டுகூடப் படுக்க மாட்டார்கள் போலிருக்கிறது. சில விநாடிகளில் நின்றுவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 'நின்றுவிட்டது, படு' என்று சொல்ல ஒரு குரல் இல்லை. அம்மாவுக்கு போன் போடலாம் என்றால், அங்கே நள்ளிரவு 2 மணி, இங்கே இரவு பத்தரை. அந்த நேரத்தில் கூப்பிட்டு 'பூமி ஆடுதும்மா' என்றால் அவர் இங்கே ஆடிப்போவார். விளக்கைப் போட்டுக்கொண்டு விடியும்வரை ஹேங்கரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி பாராட்டிய சுதந்திரத்தை அன்று முழுசாக அனுபவித்தேன்.

நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போகலாம் என்ற ஒரு வாதம் மட்டும் எதிரணியில் வலுவானது. அதை ஒப்புக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் அசகுசாவில் சென்சோ கோயிலுக்கு நினைத்த நேரத்தில் போனேன். அங்கே 100 யென் போட்டுக் குறி பார்க்கலாம். உலோகக் குடுவையைக் குலுக்கினால் ஒரு குச்சி தலை நீட்டும், அதிலிருக்கும் எண்ணை அடுக்கடுக்கான சின்ன இழுப்பறைகளில் தேடி, சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். எண் அவர்கள் எழுத்தில் இருந்ததால், குச்சியை ஒவ்வோர் இழுப்பறைக்கும் பக்கத்தில் வைத்து உருவம் பார்த்துக் கண்டுபிடித்தேன். சீட்டில் ஆங்கிலமும் இருந்தது. கெட்ட குறி! பயணம் நன்றாக அமையாது என்றுவேறு போட்டிருந்தது. அந்தக் கோயிலில் கெட்ட குறி வருவது சகஜம், அங்கேயே கம்பியில் கட்டிவிட்டு வந்தால் போதும் என்கிறார்கள். ஆனால் பக்கத்தில் என் தோழி இருந்திருந்தால் "உன் மூஞ்சிக்கு வேறென்ன வரும்" என்று சொல்லி, இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம். தனியாக நின்று படித்தேன். சிரிப்பே வரவில்லை. நம்பிவிட்டேன்!

மணி அடித்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன். எதிரணியில் அடுத்துப் பேச வரும் சகோதரி, அடுத்த மாதம் தன்னந்தனியாக இஸ்தான்புல் கிளம்புவதாக மேடைக்குப் பின்னால் சொன்னார். சந்தோஷம், நல்லபடியாகப் போய் வரட்டும். ஆனால் அதே மூச்சில் என்னிடம், "நீங்களும் வர்றீங்களா, ரூம் வாடகையைப் பாதிப் பாதி போட்டுக்கலாம்" என்று கேட்டாரே, அதையும் இந்த மேடையிலேயே சொல்வாரா என்று நடுவர் அவரிடம் கேட்டுச் சொல்ல வேண்டும். நன்றி, வணக்கம்.