தோசை மாஸ்டரை டீ ஆத்தச் சொன்னது யாரு?

(லண்டனில் பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: "சொந்த அணியின் ஆட்டக்காரரையும் நிர்வாகியையும் ரசிகர்கள் கூச்சல் போட்டு விரட்டுவது உரிமையே! கொடுமையே!" இது 'கொடுமையே' அணியின் உரை.)

நடுவர் அவர்களே, சபையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம். வணக்கத்தை இதோட முடிச்சுக்கிறேன். கொடுத்திருக்கிற நேரம் கொஞ்சம். அதுல பாதி எதிரணித் தம்பிக்கே போயிடும் போல இருக்கு.

தம்பி என்ன சொல்லிட்டு உட்கார்ந்தாரு? "சீசன் டிக்கெட் வெச்சிருக்கேன். காசு என்னுது, தொண்டையும் என்னுது. ஹோட்டலுக்குப் போறோம், தோசை கருகி வருது. மாஸ்டரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேக்க மாட்டோமா? அதையேதான் நம்ம ஆர்சனல் கால்பந்து அணியோட எமிரேட்ஸ் மைதானத்துலயும் செய்யறோம்." அதோட விட்டாரா? என் பக்கம் கையை நீட்டி, "இந்த அம்மா மாதிரி ஆளுங்கதான் கருகின தோசையைச் சட்னியில மறைச்சுச் சாப்பிடுறவங்க. இவங்களாலதான் ஆர்சனல் நாலாவது இடத்தையே கோப்பை மாதிரி கொண்டாடிச்சு"ன்னு ஒரு போடு போட்டாரு. அரங்கமே கைதட்டிச்சு. நான் கவனிச்சேன், முன்வரிசையில என் வீட்டுக்காரரும் தட்டினாரு. அந்தக் கணக்கை வீட்டுல போய் பார்த்துக்கிறேன்.

சரி தம்பி, தோசைக்கே வர்றேன். கருகினா திட்டுங்க, நானும் திட்டுவேன். ஆனா 2008 டிசம்பர் 6, சனிக்கிழமை, அதே எமிரேட்ஸ்ல நடந்ததைக் கொஞ்சம் கேளுங்க.

எம்மானுவேல் எபுவே. ஐவரி கோஸ்ட் நாட்டுக்காரர். ரைட் பேக், அதாவது வலது ஓரத்துல நின்னு தடுக்கிற ஆளு. 2006 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்துல பார்சிலோனாவுக்கு எதிரா இறங்கினவரு. அன்னிக்கு ஆர்சனல் போட்ட ஒரே கோலுக்கு ஃப்ரீ கிக் வாங்கிக் கொடுத்ததே இவர்தான். நிஜமா விழுந்தாரா, விழுந்த மாதிரி நடிச்சாரான்னு இன்னும் சண்டை ஓயல. அது இருக்கட்டும்.

2008ல அந்தச் சனிக்கிழமை எதிரணி விகன். எபுவே முழங்கால் காயத்துல இருந்து அப்பதான் திரும்பி வந்து பெஞ்சுல உட்கார்ந்திருக்காரு. முதல் பாதியிலேயே சக ஆட்டக்காரர் நஸ்ரிக்கு அடிபட்டு வெளியே போறாரு. மேனேஜர் வெங்கர் திரும்பிப் பார்க்கிறாரு, எபுவேயை எழுப்புறாரு. எழுப்பி எங்க விட்டாரு? இடது பக்கம், நடுக்களத்துல.

பின்வரிசையில கேக்கலையாம், மறுபடி சொல்றேன். ஆளு வலது பக்கம். விட்டது இடது பக்கம். அவர் வேலை தடுக்கிறது. கொடுத்த வேலை ஏறிப் போய்த் தாக்குறது. தோசைக்கல்லு முன்னாடி நின்ன மாஸ்டரைக் கூப்பிட்டு, "இன்னிக்கு டீ மாஸ்டர் வரல, நீ போய் டீ ஆத்து"ன்னா எப்படி இருக்கும்? ஆத்தினாரு மனுஷன். டீ கிளாஸ்ல விழல, வாடிக்கையாளர் மடியிலதான் விழுந்துச்சு.

பந்து வருது, கால்ல பட்டு வெளியே போகுது. கூட்டம் முனகுது. அடுத்த பந்து, அதுவும் எதிரணிக்குப் போகுது. முனகல் சத்தமாகுது. மூணாவது பந்து வர்றதுக்கு முன்னாடியே ஊளை. இனிமே பந்தே வேணாம், மனுஷன் அந்தப் பக்கம் நகர்ந்தாலே ஊளை. இவ்வளவு பேர் கத்துறப்போ யாருக்குத்தான் கால் நிக்கும்? எப்படியாவது ஒரு நல்ல காரியம் பண்ணிடணும்னு துடிச்சுப் போய், பாய்ஞ்சு ஒரு பந்தைப் பறிச்சாரு பாருங்க! அழகாப் பறிச்சாரு, சுத்தமாப் பறிச்சாரு. யார்கிட்ட இருந்து? கோலோ டூரேகிட்ட இருந்து.

ஆர்சனல்காரங்க சிரிக்கிறீங்க. மத்தவங்களுக்குச் சொல்றேன், கோலோ டூரே விகன்காரர் இல்ல. ஆர்சனல்! சொந்த அணி! அது மட்டுமா, சொந்த நாடு! ரெண்டு பேருமே ஐவரி கோஸ்ட்! அந்த டூரே முகத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. எதிரிகிட்ட இருந்து காப்பாத்தி வெச்ச பந்தை ஊர்க்காரன் வந்து பிடுங்கிட்டுப் போறான்!

ஆட்டம் முடியப் போற நேரத்துல வெங்கர் வேற வழி இல்லாம எபுவேயை வெளியே எடுத்தாரு. மாற்றாளா உள்ளே வந்தவருக்கே ஒரு மாற்றாளு. பலகையில அவர் நம்பர் வந்ததும் கூட்டம் கைதட்டிச்சு. ஆடினதுக்கு இல்ல, போறதுக்கு. தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனாரு மனுஷன். இத்தனைக்கும் அப்ப ஸ்கோர் என்ன தெரியுமா? 1-0. யாருக்கு? ஆர்சனலுக்கு! அடபாயோர் போட்ட கோல். ஜெயிச்சுக்கிட்டு இருக்கிற மேட்ச் தம்பி அது! தோசை கருகவே இல்ல. தட்டுல பொன்னிறமா இருக்கு. நீங்க அந்தத் தட்டைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் மாஸ்டரைத் திட்டினீங்க.

தம்பி குறிப்புல ஏதோ தேடுறாரு. தேட வேணாம், நானே எடுத்துக் கொடுக்கிறேன். 2011 ஏப்ரல், லிவர்பூல் ஆட்டம். கூடுதல் நேரத்துல நம்ம வான் பெர்சி பெனால்டி அடிச்சு முன்னிலை வாங்கிக் கொடுத்தாச்சு. இன்னும் கொஞ்ச நேரம் சும்மா நின்னா போதும். இதே எபுவே பின்னாடி இருந்து லிவர்பூல்காரர் லூகாஸைத் தள்ளி, எதிரணிக்கு ஒரு பெனால்டியை அன்பளிப்பாக் கொடுத்தாரு. கைட் அடிச்சாரு, 1-1. அதுக்குத் திட்டுங்க. அவர் இடத்துல நின்னு அவரே கருக்கின தோசை அது. அன்னிக்கு நானும் உங்களோட சேர்ந்து கத்தியிருப்பேன். ஆனா 2008ல நீங்க கத்த வேண்டிய ஆளு கல்லாப் பக்கம் இருந்தாரு.

அங்கதான் தம்பியோட வாதம் ஆட்டம் காணுது. "அதான் கல்லாவுல இருக்கிற நிர்வாகியையும் விடாம கத்துறோமே"ம்பாரு. கத்துறீங்க, அவங்க காதுல விழுதா? மான்செஸ்டர் யுனைடெட்ல 2010ல பச்சையும் தங்க நிறமுமாத் துண்டு கட்டிக்கிட்டு முதலாளி கிளேசர் குடும்பமே வெளியே போன்னு நின்னாங்க. குடும்பம் அசைஞ்சதா? 2024 வரைக்கும் அசையல. அப்பவும் கால் பங்கும் சொச்சமும்தான் கைமாறிச்சு, அதுவும் நல்ல விலைக்கு. கத்தினவனுக்குத் தொண்டை கட்டினதுதான் மிச்சம். முதலாளி வரைக்கும் போகாத கோபம் வழியில நிக்கிறவன் மேல விழும். 2020 ஜனவரியில அதே கிளப்போட நிர்வாகி எட் வுட்வர்டு வீட்டு வாசல்ல ஒரு கும்பல் போய் தீவட்டி வீசிச்சு. வீட்டுக்குள்ள அந்த நேரம் யாரும் இல்ல. இருந்திருந்தா? இதுவும் சீசன் டிக்கெட்டோட சேர்த்துக் கொடுக்கிற உரிமைதானா?

வெங்கர் கதை இன்னும் ஜோர். 2017 மார்ச், வெஸ்ட் பிராம் மைதானம். வானத்துல ஒரு விமானம் பறக்குது, வாலுல பதாகை: வெங்கருக்குப் புது ஒப்பந்தம் கூடாதுன்னு. ரசிகர்கள் காசு போட்டு வாடகைக்கு எடுத்த விமானம். கொஞ்ச நேரத்துல இன்னொரு விமானம் வருது, அதுலயும் பதாகை: வெங்கரை மதிக்கிறோம், நம்புறோம்னு. அதுவும் ஆர்சனல் ரசிகர்கள் எடுத்ததுதான்! கீழ பதினோரு பேர் ஆடுறாங்க, மேல மாமியாரும் மருமகளும் விமானத்துல சண்டை போடுறாங்க. ஆட்டக்காரங்க பந்தைப் பார்த்தாங்களோ வானத்தைப் பார்த்தாங்களோ, 3-1ன்னு தோத்தாங்க. அடுத்த வருஷம் வெங்கர் போயிட்டாரு. 2004ல ஒரு ஆட்டம்கூடத் தோக்காம லீக் வாங்கிக் கொடுத்த மனுஷன், மொத்தம் இருபத்திரண்டு வருஷம் மேனேஜரா இருந்துட்டு விடைபெற்றாரு. 2023ல எமிரேட்ஸ் மைதானத்து வாசல்ல அவருக்கு வெண்கலச் சிலை வெச்சாங்க. இப்ப அந்தச் சிலைகிட்ட நின்னு செல்ஃபி எடுக்கிறது யாரு? விமானத்துக்குப் பணம் போட்டவங்களும் வரிசையில நிக்கிறாங்களோ என்னவோ!

நடுவர் அவர்களே, எதிரணியில மான்செஸ்டர் அக்கா சூப்பர் லீக் கதையைச் சொன்னாங்க. 2021 ஏப்ரல்ல பன்னிரண்டு பெரிய கிளப்புகள் தனியா லீக் தொடங்கப் போறோம்னு அறிவிச்சதும், ரசிகர்கள் தெருவுல இறங்கி நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள ஆறு இங்கிலாந்து கிளப்புகளையும் பின்வாங்க வெச்சாங்கன்னு. உண்மைதான். நல்ல பாயின்ட். அதனால அதை நான் தொடப் போறதில்ல. எனக்கு வாய்ச்சது தம்பிதான்.

நிர்வாகிகள் பத்தி ஒரே ஒரு விஷயம், சிரிச்சுட்டுப் போயிடலாம். 2020ல ஆர்சனல் ஐம்பத்தைஞ்சு பேரை வேலையை விட்டுத் தூக்கப் போறோம்னு சொல்லிச்சு. அக்டோபர்ல பார்த்தா, இருபத்தைஞ்சு வருஷத்துக்கும் மேல மைதானத்தைச் சுத்தி வந்து குழந்தைங்களுக்குக் கை காட்டின பச்சை டைனோசர் வேஷக்காரருக்கும் வேலை போச்சு. கன்னர்சாரஸ்! அதே நாள்தான் புது ஆட்டக்காரர் தாமஸ் பார்டேயைக் கோடிக்கணக்குல கொட்டிக் கொடுத்து வாங்கினாங்க. அந்த நேரம் அணியில யாரை ஓரங்கட்டி வெச்சிருந்தாங்க? மெசுத் ஓசில். சம்பளம் மட்டும் வாங்கிட்டு உட்கார்ந்திருக்கான்னு நம்ம ரசிகர்களே வறுத்தெடுத்த ஓசில். அந்த ஓசில் முன்னாடி வந்து, "நான் இங்க இருக்கிற வரைக்கும் டைனோசர் சம்பளத்தை நானே கொடுக்கிறேன்"னாரு. ஓரங்கட்டப்பட்டவனுக்குத்தான் ஓரங்கட்டப்பட்டவன் வலி தெரிஞ்சுது. அந்த மாசமே ஓசில் பேரு லீக் பட்டியல்ல இல்லாமப் போச்சு. டைனோசர் நவம்பர்ல திரும்பி வந்துடுச்சு. ஓசில் ஜனவரியில துருக்கிக்குப் போயிட்டாரு.

தம்பி, இப்ப உங்க பேச்சுல கடைசியா நீங்களே மார்தட்டிச் சொன்ன விஷயத்துக்கு வர்றேன். "கிரனிட் ஷாக்காவை நான் கத்தித்தான் அனுப்பினேன்"னு சொன்னீங்க. 2019 அக்டோபர் 27, கிரிஸ்டல் பேலஸ் ஆட்டம். ரெண்டு கோல் முன்னிலையை விட்டுட்டு 2-2. கேப்டன் ஷாக்காவை வெளியே எடுக்கிறாங்க. மெதுவா நடந்து வர்றாரு. மைதானமே ஊளை. காதுல கையை வெச்சு இன்னும் கத்துங்கன்னு சைகை காட்டிட்டு, சட்டையைக் கழற்றிட்டு நேரா உள்ளே போயிட்டாரு. கேப்டன் பதவி போச்சு. அவர் பண்ணினது சரின்னு நான் சொல்லல.

ஆனா நாலு நாள் கழிச்சு அவர் எழுதினதைப் படிச்சீங்களா? காலை உடைப்போம்னு அவருக்கு எழுதியிருக்காங்க. மனைவியைக் கொல்லுவோம்னு எழுதியிருக்காங்க. மகளுக்குப் புற்றுநோய் வரட்டும்னு எழுதியிருக்காங்க. அப்ப அந்த மகள் தவழக்கூட ஆரம்பிக்காத கைக்குழந்தை.

இந்த மண்டபத்துல எத்தனை பேர் மடியில கைக்குழந்தை தூங்குது, பாருங்க. இந்தச் சத்தத்துலயும் தூங்குது. உங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல ஒரு பைலைத் தப்பாப் போட்டதுக்கு யாராவது இந்தக் குழந்தையைப் பத்தி அப்படி ஒரு வரி எழுதினா, பெத்தவளா அதை எப்படிப் படிப்பீங்க? நான் படிச்சேன். வேற ஒருத்தி பெத்த பிள்ளைதான். அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல எனக்கு.

ஷாக்கா பெட்டி கட்டிட்டாரு. பாஸ்போர்ட்டை எடுத்து வெச்சாச்சுன்னு அவரே பிறகு எழுதினாரு. பெர்லின் கிளப்புக்குப் போக வேண்டியவரை, புது மேனேஜரா வந்த ஆர்டெட்டா உட்கார வெச்சுப் பேசினாரு. ஆறு மாசம் கொடுன்னு கேட்டாரு. அந்த ஆறு மாசம் மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. 2023 மே 28, கடைசி ஆட்டம், வுல்வ்ஸ். முதல் பதினாலு நிமிஷத்துல ரெண்டு கோல் அடிச்சாரு. 5-0. அன்னிக்கு அதே மைதானம், அதே நாற்காலிகள், எழுந்து நின்னு போகாதேன்னு பாடிச்சு! போயிட்டாரு. போன முதல் வருஷமே அவர் சேர்ந்த ஜெர்மன் அணி லெவர்குசன் ஒரு ஆட்டம்கூடத் தோக்காம ஜெர்மன் லீகை முதல் தடவையா வாங்கிச்சு. ஜெர்மன் கோப்பை இறுதி ஆட்டத்துல இருந்த ஒரே கோல் ஷாக்கா அடிச்சது. எங்க நடந்துச்சு? பெர்லின்ல.

மணி அடிச்சுட்டாங்க, இறங்கிடுறேன் நடுவர் அவர்களே. தம்பிகிட்ட ஒரே ஒரு கேள்வி. 2019ல நீங்க கத்தினீங்க. 2023லயும் அதே சீட்டுலதான் இருந்திருப்பீங்க, நீங்களும்தான் பாடியிருப்பீங்க. இடையில அந்த மனுஷன்கிட்ட, அந்தப் பிள்ளையைப் பெத்தவகிட்ட, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டீங்களா? பதில் சொல்ல உங்க அணியில அடுத்து வர்றவரு நேரத்துல ரெண்டு நிமிஷம் வாங்கிக்கங்க. நன்றி, வணக்கம்.