ரயிலில் ஏறாத வேட்பாளர்

அன்பார்ந்த நண்பர்களே,

1910-ஆம் ஆண்டு. கலிபோர்னியாவில் ஒரு சிற்றூர். சிவப்பு நிற கார் ஒன்று புழுதி பறக்க வந்து நிற்கிறது. வந்தவர்கள் மாட்டு மணியை ஆட்டுகிறார்கள். சத்தம் கேட்டுக் கூட்டம் சேர்ந்ததும் ஒரு வழக்கறிஞர் பேசத் தொடங்குகிறார். அவர்தான் ஹைரம் ஜான்சன், ஆளுநர் வேட்பாளர். அங்கே ஆளுநர் நியமனப் பதவி அல்ல. மக்கள் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாநில அரசை நடத்துபவரும் அவரே.

சரி, அவ்வளவு பெரிய மாநிலத்தைச் சுற்றிவர ரயில் இருக்கும்போது கார் எதற்கு? ரயிலில் ஏறாமல் இருப்பதே அவருடைய பிரசாரம். சதர்ன் பசிபிக் ரயில்வே கம்பெனி கலிபோர்னிய அரசியலைக் கைக்குள் வைத்திருந்த காலம் அது. விவசாயியின் விளைச்சலுக்குச் சரக்குக் கட்டணம் வைப்பதும் அந்தக் கம்பெனி; கட்சி மாநாட்டில் வேட்பாளரை முடிவு செய்வதும் அதன் ஆட்கள். மக்கள் அதை ஆக்டோபஸ் என்றார்கள். அந்தக் கம்பெனியை அரசியலிலிருந்து விரட்டுவேன் என்ற ஒரே பேச்சைத்தான் ஜான்சன் ஊர் ஊராகக் கொண்டுபோனார்.

என்னை உலுக்குவது அவருடைய வீட்டுக் கதை. அப்பா குரோவ் ஜான்சன் சட்டமன்றத்தில் அதே ரயில்வேயின் பக்கம் நின்றவர். மகன் பின்னாளில் அப்பாவின் அணியையே எதிர்த்து நின்றார். 1908-இல் சான் பிரான்சிஸ்கோ ஊழல் வழக்கில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் பிரான்சிஸ் ஹெனி நீதிமன்றத்திலேயே சுடப்பட்டார். ஹெனி உயிர் பிழைத்தார். அவருடைய இடத்தில் நின்று வழக்கை முடித்து, ஏப் ரூஃப் என்ற அரசியல் தரகருக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தவர் ஜான்சன். மாநிலமே அவரை அறிந்தது அப்போதுதான்.

கட்சி வேட்பாளரை வாக்காளர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் சட்டம் 1909-இல் வந்திருந்தது. அது இல்லையென்றால் மாநாட்டுக் கதவே அவருக்குத் திறந்திருக்காது. நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் தியோடர் பெல்லை ஏறக்குறைய 22,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

அப்புறம் நடந்தது இன்னும் பெரிது. 1911 அக்டோபர் 10 அன்று, பதவியில் இருப்பவரைத் திரும்ப அழைக்கும் உரிமையும், மக்களே சட்டம் முன்மொழியும் உரிமையும் வாக்கெடுப்பில் நிறைவேறின. பெண்களுக்கு வாக்குரிமையும் அன்றுதான் கிடைத்தது, நூலிழையில். 2003-இல் கலிபோர்னிய ஆளுநர் கிரே டேவிஸ் பதவி இழந்தது அந்தத் திரும்ப அழைக்கும் உரிமையால்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் இறங்கினால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆகமாட்டேன். 1913-இல் இதே ஜான்சன், குடியுரிமை பெற முடியாத அயல்நாட்டவர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். குறி ஜப்பானிய விவசாயிகள். குடியுரிமை இல்லாததால் அவர்களுக்கு வாக்கும் இல்லை. பலர் அங்கேயே பிறந்த தங்கள் குழந்தைகளின் பெயரில் நிலத்தைப் பதிந்து பயிர் செய்தார்கள்.